நாலரை முதல் ஆறு வரை

வாசலில் கார் வந்து நின்றபோது மணி நாலு நாற்பது. ஜெயசித்ரா ஓடிப்போய் கிரில் கேட்டை உள்பக்கமாகப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பெண் பார்க்க மூன்றரைக்கே வருவதாகச் சொன்னவர்கள். தினசரி காலண்டரைப் புரட்டிப் புரட்டி அவள் தேர்ந்தெடுத்த ஞாயிற்றுக்கிழமை இது. கரிநாள் இல்லை. மகள் பிரவீணாவுக்குச் சந்திராஷ்டமம் இல்லை. சூலம் மேற்கே, அரியூரிலிருந்து ஏம்பலத்துக்குத் தெற்கே பார்த்துத்தான் வரவேண்டும். எல்லாம் சரி. ஆனால் நாலரைக்கு ராகு காலம் தொடங்கிவிட்டது. ஏற்கெனவே இரண்டு வரன் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால்?

"சாவிய எங்கியோ வெச்சிட்டேங்க," என்றாள், கம்பிக்கு வெளியே நின்ற மாப்பிள்ளையின் அம்மா சிவகாமசுந்தரியிடம்.

"மெதுவா தேடுங்க, ஒண்ணும் அவசரமில்ல."

அந்தப் பெருந்தன்மை அவளைக் குத்தியது. உள்ளே கணவர் கோவிந்தராஜ் அலமாரியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். "காலைல கூட ஆணியிலதானடி தொங்குச்சு!"

எதிர்வீட்டு இருசப்பன் சுத்தியலோடு வந்தார். "நவுருங்க, ரெண்டே தட்டு."

"வேணாண்ணே, புதுப் பூட்டு!"

"பூட்டு பெருசா, சம்பந்தம் பெருசா?" தெருவே கூடிச் சிரித்தது.

"தல சுத்துதுப்பா," என்று மகன் தோளைப் பிடித்தபடி போய், காரின் பின்சீட்டில் படுத்துக்கொண்டார் சிவகாமசுந்தரி.

ஜெயசித்ரா தண்ணீர் கொண்டுவந்தாள். சொம்பு கம்பிக்குள் நுழையவில்லை. டம்ளரில் ஊற்றி நீட்டினாள்.

பட்டுப்புடவையோடு பின்னால் வந்து நின்ற பிரவீணா காதருகே சொன்னாள். "இன்னாம்மா இது? ஜெயில்ல கைதிய மனு போட்டுப் பாக்க வந்தவங்க மாதிரி நிக்க வெச்சிருக்க. உன் இடுப்புல இருக்கறது எனக்குத் தெரியாதா?"

அவளால் மகளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஒரு தாளில் அச்சடித்த ஒற்றை வரிக்காக, வயதான ஒருத்தி வெயிலில் நின்று மயங்கிக் கிடக்கிறாள். அதைவிடக் கேவலம், இப்போதும் தன் கண் சுவர்க் கடிகாரத்துக்குத்தான் போனது. ஐந்தேகால் ஆகிவிட்டதே என்று மனம் சந்தோஷப்பட்டது. அந்தச் சந்தோஷம்தான் அவளைக் கூசவைத்தது.

எல்லோரும் பார்க்க, இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். பூட்டு திறந்தது. கோவிந்தராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இருசப்பன் சுத்தியலை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

காரருகே போய்க் கைகூப்பினாள். "சாவி என்கிட்டதாங்க இருந்துச்சு. மன்னிச்சிடுங்க. உள்ள வந்து படுங்க."

சிவகாமசுந்தரி ஒரு கண்ணைத் திறந்தார். திறந்திருந்த கேட்டைப் பார்த்தார். இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டார்.

டிரைவர் ஆதிமூலம் ஜெயசித்ராவைத் தனியே அழைத்துப் போய்க் கிசுகிசுத்தார்:

"ஏம்மா அதுக்குள்ள தொறந்தீங்க? ராவு காலத்துல வூட்டுக்குள்ள எப்புடி கால வைக்கறதுன்னுதான் அவங்க மயக்கம்னு படுத்துனு இருக்காங்க. ஆறு மணிக்குத் தானா தெளிஞ்சிருக்குமே!"