சோடா டாக்டரும் கடைசி சீட்டும்

விழுப்புரத்தில் சோடா குடித்தவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அடுத்தவர் நரம்பில் சோடா ஏற்றியவர் ஒருவர்தான். கதவில் இருந்த பெயர்ப் பலகையைப் படித்தவர்கள்கூட அவரைச் 'சோடா டாக்டர்' என்றே கூப்பிட்டார்கள்.

ஏற்றியது சோடா இல்லைதான். ஸ்கேனில் இதயம் பளிச்சென்று தெரிவதற்காக ஊசியில் போடும் நுண்குமிழி மருந்து. போடுமுன் குப்பியைக் கையால் குலுக்க வேண்டும். அந்தப் பழக்கம் முற்றி, மனிதர் கையில் கிடைத்ததையெல்லாம் குலுக்கினார். தண்ணீர் பாட்டில், பேனா, நோயாளியின் ஃபைல். ஒருமுறை டீ டம்ளரைக் குலுக்கி, பெரிய டாக்டரின் வெள்ளைக் கோட்டுக்குப் புது நிறமே கொடுத்துவிட்டார்.

என் அப்பா அவரிடம் போய்ச் சேர்ந்ததும் சோடாவால்தான். அப்பா திண்டிவனத்தில் பஸ் டிரைவர். கிளியனூர் ஸ்டாப்பில் நெஞ்சு வலித்தது. 'வாயுதான், கேஸு' என்று தானே தீர்ப்பெழுதி மூன்று கோலி சோடா குடித்தார். நான்காவதை உடைப்பதற்குள் கண்டக்டர் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டார். மாரடைப்பு.

அடைப்பை நீக்கிய மூன்றாம் நாள், சாதாரண ஸ்கேனில் இதயத்தின் நுனியில் ஒரு நிழல். ரத்தக்கட்டியா, மெஷின் காட்டும் மாயமா, தெரியவில்லை. கட்டி என்றால் பிய்த்துக்கொண்டு மூளைக்குப் போய்விடலாம். பி.எஸ்ஸி. இயற்பியல் படிக்கிற தைரியத்தில் நான் நூறு கேள்வி கேட்டேன்.

சோடா டாக்டர் குப்பியைக் குலுக்கிக்கொண்டே வந்தார்.

"இன்னா டாக்டரு அது?" என்றார் அப்பா.

"குமிழி, தலைவரே."

"குமிழிக்குள்ள?"

"கேஸு."

அப்பா படுத்தபடியே என்னைப் பார்த்தார். "மூணு சோடா குடிச்சதுக்கு மூணு நாளா திட்டிக்கினு இருந்தியே! இப்ப டாக்டரே ஏத்துறாரு பாரு!"

"ஆடாம படுங்க, ஜல்தியா முடிச்சிடலாம். உங்க ஹார்ட்டு ஒரு பஸ்ஸு. குமிழிங்கதான் பாசஞ்சரு. எல்லா சீட்டும் வெள்ளையா ரொம்பணும். எங்கயாவது கருப்பா இருந்தா, அங்க கட்டி குந்திக்கினு எடம் விடலன்னு அர்த்தம்."

திரையில் வெள்ளை பொங்கி ஏறியது. நடுவில் நிறைந்தது, ஓரத்தில் நிறைந்தது. நுனி மட்டும் கறுப்பாகவே இருந்தது. டாக்டரின் கை சும்மா இருந்து நான் பார்த்தது அப்போதுதான்.

"கடைசி சீட்டு ரொம்பிச்சா டாக்டரு?" அப்பாவின் குரலில் இருந்த சோடாவெல்லாம் இறங்கிப்போயிருந்தது.

டாக்டர், அப்பாவின் நெஞ்சில் வைத்திருந்த ஸ்கேன் கருவியை ஒரு விரலளவு திருப்பினார். காத்திருந்தார். மெல்ல மெல்ல, நுனிவரை வெள்ளை.

"ஃபுல்லு தலைவரே! கட்டியும் இல்ல, ஒண்ணும் இல்ல. போலாம் ரைட்!"

நான் அழுதுகொண்டே சிரித்தேன். அவரோ அப்பாவின் கையைப் பிடித்து, கட்டிலே ஆடும்வரை குலுக்கினார்.

இப்போதும் 'நன்றாகக் குலுக்கவும்' என்று எழுதிய மருந்து எங்கள் வீட்டுக்கு வந்தால் அப்பாதான் குலுக்குவார், ஏதோ முணுமுணுத்தபடி. ஒருநாள் காதைக் கொடுத்துக் கேட்டேன்.

"நீ நல்லா இருக்கணும், டாக்டரு."