முத்துவைப் பற்றிய வாசகர் கருத்துகள்

ஒரு நூலைப் பற்றிய உண்மையான கருத்தை, அதை எழுதியவர் பொன்னாடையோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும்போது உரத்து வாசிக்கலாமா? நான்கு ஆண்டுகள் சமூகவியல் படித்தும் இந்தக் கேள்வி எனக்கு எழவில்லை. எழுந்தபோது நான் ஒலிவாங்கியின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.

பட்டம் பெற்று வேலைக்குக் காத்திருந்த காலம் அது. (வேலையில்லாத பட்டதாரியிடம் இலட்சியங்களுக்குப் பஞ்சமிருக்காது.) திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்டவுள்ள எங்கள் வாசகர் வட்டத்துக்கு நான் செயலாளர். துறைமுக அலுவலகத்தில் இலிகிதராக இருந்து ஓய்வுபெற்ற நடராசா ஐயா, தன் பூனை முத்துவைப் பற்றி ஒரு நூல் எழுதி, அதன் வெளியீட்டை எங்களிடம் ஒப்படைத்தார். மனைவி இறந்த பிறகு அவர் எவரோடும் அதிகம் கதைப்பதில்லை. வீட்டில் துணை அந்தப் பூனை மட்டுமே. நூலின் சாரமும் அதுதான். முத்து மரக்கறி மட்டுமே உண்ணும். வேறொருவர் கையால் தண்ணீரும் குடிக்காது. அவரைத் தவிர உலகில் அதற்கு எவருமில்லை.

எங்கள் ஊர் வெளியீட்டு விழாக்களில் நயவுரை என்றொன்று உண்டு. நூலை வாசித்தாரோ இல்லையோ, ஒருவர் எழுந்து அரைமணி நேரம் பாராட்டுவார். இது வாசகரை ஏமாற்றும் ஏற்பாடு என்று கருதி, அதை நிகழ்ச்சி நிரலிலிருந்து நீக்கினேன். பதிலாக, ஓர் ஆசிரியை, ஒரு சலூன்காரர், மீன் வியாபாரியின் மனைவி, முச்சக்கரவண்டிச் சாரதி என்று சமூகப் பிரதிநிதித்துவம் பார்த்து, அயலில் நால்வருக்கு நூலை முன்கூட்டியே கொடுத்தேன். கருத்தை எழுதி, கடித உறையிலிட்டு ஒட்டித் தரும்படி கேட்டுக்கொண்டேன். பக்கச்சார்பு வந்துவிடக் கூடாதே என்பதால் உறைகளை நான் பிரித்துப் பார்க்கவில்லை. இந்த அறத்தை மேடையில் ஐந்து நிமிடம் விளக்கவும் செய்தேன். (கைதட்டினார்கள். அதுதான் கடைசி.)

முதல் கருத்து ஆசிரியையுடையது. நடை தெளிவு, படங்கள் நன்று என்றிருந்தது. ஐயா தலையசைத்தார்.

இரண்டாவது சலூன்காரருடையது. அட்டைப்படத்தில் உள்ள, காது நுனி கிழிந்த வெள்ளைப் பூனை தன் கடையில்தான் பகல் முழுவதும் தூங்குகிறது என்றும், அங்கே அதன் பெயர் கப்டன் என்றும், மதியம் கருவாடு இல்லாவிட்டால் வாடிக்கையாளரை உள்ளே விடாது என்றும் எழுதியிருந்தார். மரக்கறி பற்றிய அத்தியாயம் சிறந்த கற்பனை என்று பாராட்டியுமிருந்தார்.

மண்டபம் சிரித்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒருவர் கருத்தை வாசித்து இன்னொருவர் கருத்தை மறைப்பது நீதியா என்று எடைபோட்டேன். நீதியில்லை என்று முடிவுசெய்து மூன்றாவதைக் கிழித்தேன். மீன் வியாபாரியின் மனைவி நிஸா ராத்தா எழுதியிருந்தார்:

“இது எங்கட சுல்தான். விடியச் சுபஹுத் தொழுகை முடிய ஒவ்வொரு நாளும் வந்து ரெண்டு கீரிமீன் திண்டுட்டுத்தான் போவான். பாவம், எழுதினவருக்கு ஆரோ பிழையான பூனையைக் காட்டியிருக்கிறாங்க.”

நடராசா ஐயா எழுந்தார். பொன்னாடையைக் கழற்றி, நான்காக மடித்து, கதிரையில் வைத்துவிட்டு வெளியேறினார். ஏற்புரை நடக்கவில்லை. நான்காவது உறையை இன்றுவரை எவரும் பிரிக்கவில்லை.

வீட்டுக்குப் போனவர் முத்துவை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டிவிட்டார். நூல் பொய்யல்ல என்று ஊருக்கு நிரூபிக்க அவருக்கு வேறு வழி தெரியவில்லைபோலும். இரண்டு நாள் அந்தப் பூனை கத்திய கத்தல் தெருமுனைவரை கேட்டது. மூன்றாம் நாள் காலை, மன்னிப்புக் கேட்கப் போனேன். (அதற்கும் குறிப்பு எழுதிக்கொண்டுதான் போனேன்.) கதவைத் திறந்தவர் என் குறிப்புக்கு இடம் தரவில்லை.

“பிள்ளை, ரெண்டு நாளா தயிர்ச்சோற்றைத் தொடேல்லை,” என்றார். “அந்த மனிசி மீனை அவிச்சுக் குடுக்கிறவவோ, பச்சையாவோ?”

எனக்குத் தெரியாது என்றேன். விசாரித்து வந்து சொல்லட்டுமா என்று கேட்டேன்.

“வேண்டாம். நீங்கள் இனி ஒண்டும் சொல்ல வேண்டாம். நானே போறன்.”

கதவை அகலத் திறந்துவிட்டார். பூனை முன்னே ஓடியது. ஐயா செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு பின்னால் நடந்தார். நான் குறிப்போடு வாசலில் நின்றேன்.

இது நடந்து ஐந்தாறு வருடங்களாகிவிட்டன. எங்கள் வீட்டில் சம்பல் எப்படி என்று யாராவது கேட்டால், நான் வாய் திறக்கும் முன் தம்பி குறுக்கிடுவான்: “கொஞ்சம் பொறு அக்கா, அம்மா இன்னும் குசினிக்குள்ளதான் நிக்கிறா.” அம்மாவும் சிரிப்பார். எனக்கு அலுத்துவிட்டது, அவர்களுக்கு அலுக்கவில்லை.

நடராசா ஐயா பின்னேரங்களில் நிஸா ராத்தா வீட்டுக்குப் போய், அவருடைய கணவரோடு இருந்து கதைத்துவிட்டு வருகிறார். என்னோடு கதைப்பதில்லை. வாசகர் வட்டத்தின் கூட்டங்களில் நான் கதிரை அடுக்குகிறேன்.