பிளாஸ்டிக் ஆசாரியின் ஈட்டிக் கப்பல்

கடவுளுக்கு அடுத்தபடியாக, ஒன்றுமில்லாததிலிருந்து மரத்தை உண்டாக்கத் தெரிந்த ஆசாமி எங்கள் எஸ்டேட் ஸ்டோரில் கிளார்க்காக இருந்தார். கடவுளுக்காவது மண், மழை, ஐம்பது வருடப் பொறுமை எல்லாம் தேவைப்படுகிறது. பிளாஸ்டிக் ஆசாரிக்கு ஒரு பழைய டூத்பிரஷ்ஷும் அரை டம்ளர் டீ டிக்காஷனும் போதும்.

சேரம்பாடிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் நான் டைப்பிஸ்ட்டாக இருந்த காலம் அது. நிமிடத்துக்கு எத்தனை வார்த்தை அடிப்பாய் என்று அங்கே யாரும் என்னைக் கேட்டதில்லை. எத்தனை பிழை என்றுதான் கேட்பார்கள். ஆசாரிக்கும் சொந்தப் பெயர் ஒன்று சம்பளப் பட்டியலில் இருந்தது. மாதாமாதம் அதை டைப் அடித்த எனக்கே மறந்துவிட்டது.

ஊரை விட்டுப் போன ஒரு மேனேஜர், பங்களாவில் ஒரு பெட்டியை விட்டுப் போயிருந்தார். அதற்குள் பத்துப் பன்னிரண்டு பிளாஸ்டிக் மாடல் செட்டுகள் பிரிக்காமல் கிடந்தன. துண்டு துண்டாக இருப்பதை ஒட்டிச் சேர்த்தால் கப்பல், விமானம், டாங்கி என்று குட்டி குட்டியாக வரும். புது மேனேஜர் பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "நீயே வெச்சுக்கோ" என்று ஸ்டோர் கிளார்க்கிடம் சொல்லிவிட்டார். வேறு யாராவது என்றால் ஒட்டி, சாம்பல் கலர் அடித்து, ஷோகேஸில் வைத்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். இவர் ஒரு ஜெட் விமானத்தைப் பலா மரத்தில் செய்தார். டாங்கியை வேப்ப மரத்தில் செய்தார்.

"டாங்கி இரும்புங்களே?" என்று கேட்டேன்.

"இரும்பு எல்லாருக்கும் வருமுங்க" என்றார்.

அவர் வேலை செய்வதைப் பார்ப்பதே தனி. முதலில் பிளாஸ்டிக் மேல் வெளிர் பழுப்பு அடிப்பார். அது காய்ந்ததும் மேலே கரும்பழுப்பு ஆயில் பெயிண்டை மெல்லத் தடவி, ஈரம் போவதற்குள் டூத்பிரஷ்ஷால் ஒரே இழுப்பு. மர ரேகை ஓடும். பாதி வழியில் மணிக்கட்டை லேசாகத் திருப்புவார். அங்கே ஒரு கணு உட்கார்ந்துகொள்ளும். கடைசியில் டிக்காஷன். தேக்குக்கு இலைத்தூள், ரோஸ்வுட் என்கிற ஈட்டி மரத்துக்கு டஸ்ட் தூள்.

"நெசக் கப்பல் இருநூறு அடிங்க. நம்முளுது ஒண்ணேகால் அடி. அப்ப ரேகையும் அந்தக் கணக்குக்குச் சிறுக்கோணுமில்லீங்களா? பெரிய ரேகை போட்டா அது கப்பல் இல்லீங்க, கட்டச் செருப்பு."

எங்கள் பக்கத்து மழைக்கு வேட்டியே காயாது, ஆயில் பெயிண்ட் எங்கே காய்வது? ஃபேக்டரி மாடியில் கொழுந்தை வாட்டுவதற்கு ராட்சத ஃபேன்கள் ஓடும். ஆசாரி தன் விமானங்களைக் கொழுந்துக்குப் பக்கத்தில் வரிசையாக இறக்கிவிட்டார். அந்த மாதம் குன்னூரில் டீயை ருசி பார்ப்பவரிடமிருந்து காகிதம் வந்தது. இந்தத் தூளில் லேசாக மர வாசனை வருகிறது என்று எழுதியிருந்தார். தூள் தயாரிப்புக்குப் பொறுப்பான டீ மேக்கர் காகிதமும் கையுமாக ஸ்டோருக்கு ஓடி வந்து கத்தினார். ஆசாரி அதை வாங்கி இரண்டு தடவை படித்தார்.

"என்ன மரமுன்னு எழுதலீங்களே?"

எனக்குப் பெண் பார்க்கக் கூடலூர் போனபோது, வாட்டசாட்டமாக ஓர் ஆள் கூட இருக்கட்டுமே என்று இவரை அழைத்துப் போனேன். என் புத்திசாலித்தனத்துக்கு வேறு அத்தாட்சி வேண்டாம். பெண் காபியோடு வந்தாள். எல்லோரும் பெண்ணைப் பார்த்தார்கள். ஆசாரியைக் காணோம். சாப்பாட்டு மேசைக்கு அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது: "தேக்குன்னு சொல்லித்தான் குடுத்தாங்களா? தேயிலைக்கு நெழலுக்கு நடற சில்வர் ஓக்குங்க. கலர் அடிச்சு ஏமாத்தீருக்காங்க." பெண்ணின் தகப்பனார் அந்த மேசையைத் தேக்கு என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தவர். காபி ஆறுவதற்குள் நாங்கள் பஸ் ஸ்டாண்டில் இருந்தோம்.

இப்பேர்ப்பட்டவருக்கு வாய்த்த மாமனார், மேட்டுப்பாளையத்தில் மர அறுவை மில் வைத்திருந்தார்.

கல்யாணமான முதல் வருடம். ஆடிக்குத் தாய் வீடு போன ஆசாரியின் சம்சாரம், ஆவணி முடிந்து புரட்டாசியும் பாதி போன பிறகும் திரும்பவில்லை. வீட்டில் டர்பென்டைன் நாற்றம் தாங்கவில்லை என்று எஸ்டேட் லைன் வீடுகளில் பேச்சு. உண்மையில் மறித்தவர் மாமனார். மரக்காரன் மாப்பிள்ளை பிளாஸ்டிக்குக்குச் சாயம் பூசுகிறான் என்று மில்லில் பலகை தூக்குகிறவர்கள்கூடச் சிரிக்கிறார்களாம். கடிதம் போட்டிருந்தார்: "மரம் தெரிந்த ஒரே ஒரு ஆள் உங்கள் பொம்மையைப் பார்த்து இது மரம் என்று சொல்லட்டும். அடுத்த பஸ்ஸில் பெண்ணை அனுப்புகிறேன். இல்லாவிட்டால் அந்தப் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்து கூட்டிப் போங்கள்."

ஆசாரி பாதியாக இளைத்துவிட்டார். மத்தியானம் டிபன் கேரியரைத் திறந்து வைத்துக்கொண்டு, மூடியில் விரலால் ரேகை வரைந்துகொண்டிருப்பார்.

"அவ இருந்தா பாத்த ஒடனே சொல்லிப்போடுவாங்க. இது மாமரமாட்ட இருக்குது, அது வாகையாட்ட இருக்குதுன்னு. மில்லுல பொறந்தவ. தப்பாவே சொல்லமாட்டா."

"பெட்டியத் தூக்கிப் போட்டுட்டுக் கூட்டியாந்துருங்களேன்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் அன்று முழுவதும் எனக்கு டைப் ஓடவில்லை.

மிச்சமிருந்த கடைசி செட்டை எடுத்தார். பாய்மரக் கப்பல். ஒரே ஈட்டித் துண்டில் குடைந்தெடுத்த மாதிரி அதைச் செய்துவிடுவது என்று முடிவு. ஈட்டி என்றால் கனக்க வேண்டுமே என்று உள்ளே ஆற்று மணலும் மெழுகும் போட்டு அடைத்தார். மூன்று வாரம். முடிந்ததும் என் மேசைமேல் கொண்டுவந்து வைத்தார். அது பிளாஸ்டிக்காக இருந்த நாளிலிருந்தே எனக்குத் தெரியும். இருந்தும், இதற்கு எந்த மரத்தை வெட்டினார்களோ என்று ஒரு கணம் வருத்தமாக இருந்தது.

மாமனாரிடம் காட்டப் புறப்பட்டோம். துணைக்கு நான். கப்பல் ஒரு துண்டில் சுற்றி அவர் மடியில்.

வழியில் ஒரு ஃபாரஸ்ட் செக்போஸ்ட். எங்கள் மலையில் ஈட்டி மரத்தில் ஒரு கிளையை ஒடித்தாலும் கேஸ். தாடி வைத்த ஃபாரஸ்ட் கார்டு ஒருவர் பஸ்ஸில் ஏறி, சீட் சீட்டாகப் பார்த்துக்கொண்டு வந்து எங்களிடம் நின்றார்.

"என்னய்யா அது, கொழந்தையா?"

துண்டை விலக்கினார். கையில் தூக்கினார். கனத்தது. விரலால் தடவினார். இரண்டு தரம் மோந்தார். முகம் மாறிவிட்டது.

"ஈட்டி."

"சார், அது பிளாஸ்டிக் சார்" என்றேன்.

"நீ யாரு?"

"டைப்பிஸ்ட் சார்."

"அப்ப போய் டைப் அடி. மரத்த நான் பாத்துக்கறேன்."

ஆசாரி எழுந்து நின்றார். கண் கலங்கியிருந்தது.

"சார், இன்னொருக்காச் சொல்லுங்க."

"என்னத்த?"

"என்ன மரமுன்னு."

"ஈட்டிய்யா. நல்லா வெளஞ்ச ஈட்டி. எங்க வெட்டுன?"

"எழுதிக் குடுங்க சார்."

பின் சீட்டில் ஒரு அம்மா, "பாத்தா நல்ல மனுசனாட்டத்தான் இருக்காரு, பாவம்" என்றார். எங்களை இறக்கிவிட்டு பஸ் போய்விட்டது. கார்டு பறிமுதல் மகஜர் எழுதினார். "ஈட்டி மரத்தில் குடைந்த பாய்மரக் கப்பல் ஒன்று" என்று அவர் வாசித்தபோது ஆசாரி குறுக்கிட்டார். "'வெளஞ்ச'ங்கறதையும் சேத்துக்குங்க சார்." அது பிளாஸ்டிக் என்று நன்றாகத் தெரிந்த நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். என் பெயரில் வெளிவந்த முதல் கற்பனைப் படைப்பு அதுதான்.

கப்பல் அலமாரிக்குள் போனது. நாளை மறுநாள் ரேஞ்சர் வருவார், இரண்டு பேரும் வந்து நிற்க வேண்டும் என்று சொல்லி, மகஜரின் நகலைக் கொடுத்து எங்களை அனுப்பிவிட்டார்கள். அடுத்த பஸ்ஸில் ஆசாரி அந்தக் காகிதத்தைக் கப்பலைப் போலவே மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

மாமனார் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார்.

"ஏனுங்க மாப்பிள்ளை, இந்த கார்டு தாடி வெச்ச ஆளுங்களா?"

"ஆமாங்க மாமா."

"மோந்து பாத்தாரா?"

"ரெண்டு தரமுங்க."

மாமனார் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "என்ற லாரில முப்பது கட்டைக்கு நடுவால கெடந்த ஒத்த ஈட்டிக் கட்டைய மோந்தே புடிச்ச மனுசன் அவன். அவனே சொல்லிப்போட்டானா?" காகிதத்தை மடித்து மாப்பிள்ளை கையில் கொடுத்தார். பிறகு உள்பக்கம் திரும்பி, "அம்மிணி, கெளம்பு" என்றார்.

அம்மிணி பெட்டியோடு வந்து நின்றார். பெட்டி ஏற்கெனவே கட்டி முடித்து வைத்ததாகத் தெரிந்தது. எத்தனை நாளாக என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

ஆனால் கேஸ் இருக்கிறதே. குறித்த நாளில் மூன்று பேருமாக செக்போஸ்ட்டில் இறங்கினோம். ரேஞ்சர் கப்பலையும் காகிதத்தையும் பார்த்தார். நான் மறுபடி பிளாஸ்டிக் என்றேன். அவர் பேனாக்கத்தியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"கீறிக் காட்டு. உள்ள வெள்ளையா இருந்தா வீட்டுக்குப் போ. இல்லன்னா ஜீப்புல ஏறு."

ஆசாரி கத்தியைக் கையில் எடுத்தார். கீறவில்லை. கப்பலையே பார்த்துக்கொண்டு நின்றார். ரேஞ்சர் ஜீப் டிரைவரைப் பார்த்தார்.

"கீறுங்க" என்றார் சம்சாரம். "மறுபடி பூசிக்கலாமுங்க."

"இந்த ரேகை திரும்ப வராது புள்ள."

"நானுந் திரும்பத் திரும்ப வரமாட்டனுங்க."

கீறினார். ஓரமாகக் கீறியிருக்கலாம். கண்ணை மூடிக்கொண்டு கீறியதில் கத்தி மேல்தளத்தின் நடுவே குறுக்காக ஓடிவிட்டது. பளீரென்று வெள்ளைக் கோடு.

ரேஞ்சர் சிரித்தார். ஜீப் டிரைவர் விழுந்து விழுந்து சிரித்தார். தாடிக் கார்டு சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, சுவரோரமாகப் போய் நின்றுகொண்டார்.

ஆசாரி கப்பலை விட்டுவிட்டு நேரே அவரிடம் போனார். "மனசுல வெச்சுக்காதீங்க சார். மரந் தெரிஞ்ச உங்களுக்குத்தான் இது மரமாத் தெரிஞ்சுது. மரந் தெரியாத ஆளு பாத்த ஒடனே பிளாஸ்டிக்குன்னு சொல்லிப்போடுவான். இவரு சொல்லலீங்களா?" என்று என்னைக் காட்டினார்.

கார்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பிறகு ஆசாரியின் கையைப் பிடித்துக்கொண்டார். மகஜரைக் கிழிக்கப் போன ரேஞ்சரிடம் ஆசாரி கெஞ்சி அதை வாங்கிக்கொண்டார். பிற்பாடு அது ஸ்டோர் சுவரில் ஃபிரேம் போட்டுத் தொங்கியது. ஃபிரேம் தேக்கு என்றுதான் நினைத்தேன். தட்டிப் பார்க்க வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் தட்டிப் பார்க்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் முன் சீட்டில் அவர்கள் இருவரும், பின்னால் நான். கப்பல் இப்போது சம்சாரத்தின் மடியில். வெள்ளைக் கோட்டின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே வந்தார்.

"நாளைக்கே சரிபண்ணிப்போடறேன்" என்றார் ஆசாரி.

"வேண்டாமுங்க, இருக்கட்டும்" என்றார் சம்சாரம்.

நான் மலையிறங்கிக் கோயமுத்தூருக்கு வந்து வெகு காலமாகிவிட்டது. புது ஃபிளாட்டுக்குக் கதவு வாங்கக் கடைக்குப் போனால், என் மனைவி ரகசியமாக இடித்து, "நெச மரந்தானான்னு நகத்தால கீறிப் பாருங்க" என்கிறாள். எனக்குக் கை வருவதில்லை. யாரோ ஒருவர் மூன்று வாரம் உட்கார்ந்து செய்ததாக இருக்கலாம். மரமாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.