பதினேழாம் நம்பர் ஸ்பேனர்

இனி என் வண்டியை எந்த மெக்கானிக்கும் தொடக் கூடாது என்று அந்த வெள்ளிக்கிழமை காலை முடிவெடுத்தேன். மனசுக்குள் எடுத்திருந்தால் தப்பித்திருப்பேன். வாசலில் நின்று, தெருவே கேட்கும்படி சத்தமாக எடுத்தேன்.

என் தொழில் வீடு மாற்றுவது. அதாவது, மற்றவர்கள் வீடு மாறும்போது அவர்கள் சாமான்களை ஏற்றி இறக்குவது. அதற்கு ஒரு பழைய டீசல் பிக்கப் வைத்திருக்கிறேன். இருபத்திரண்டு வயசு, நாலு சிலிண்டர். இந்த வீட்டில் என்னை எதிர்த்துப் பேசாத ஒரே ஜீவன். அன்றைக்குப் பார்த்து அதுவும் பேசிவிட்டது. ஸ்டார்ட் செய்ததும் குலுங்க ஆரம்பித்தது. பானெட் ஆடியது, கண்ணாடி ஆடியது, உள்ளே உட்கார்ந்திருந்த என் கன்னம் ஆடியது. பின்னால் வெள்ளைப் புகை. நாலு பேர் இழுக்க வேண்டிய வண்டியை மூன்று பேர்தான் இழுக்கிறார்கள், ஒருத்தன் படுத்துக்கொண்டான் என்பது சத்தத்திலேயே தெரிந்தது. எவன் அவன்? அதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். திங்கட்கிழமை ஒரு டாக்டர் குடும்பத்துக்கு வீடு மாற்றித் தருவதாக வேறு ஒப்புக்கொண்டிருந்தேன்.

என் மனைவி வெளியே வந்தாள். கழுத்தில் அளவு டேப், உதட்டில் நாலு குண்டூசி. அவள் தையல்காரி. குண்டூசியைக் கவ்விக்கொண்டே தெளிவாகப் பேசுவாள். சண்டையில் இதைவிடப் பெரிய ஆயுதம் கிடையாது.

"மெக்கானிக்கைக் கூப்பிடுங்களேன்."

"எதுக்கு? எஞ்சின் ஓடும்போதே, ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசல் போற குழாயோட நட்டை ஒண்ணொண்ணா தளர்த்திப் பாக்கணும். நல்ல சிலிண்டரா இருந்தா, தளர்த்துனதுமே எஞ்சின் தள்ளாடும். எதைத் தளர்த்துனா சத்தம் மாறலையோ, அவன்தான் குற்றவாளி. அஞ்சு நிமிஷ வேலை!"

"அப்போ செய்யுங்க."

"செய்வேன். பதினேழாம் நம்பர் ஸ்பேனரை எடுத்தா முடிஞ்சுது."

வண்டியிலிருந்த பெட்டியைத் திறந்தேன். பத்து இருந்தது. பன்னிரண்டு, பதினாலு, பத்தொன்பது எல்லாம் இருந்தன. பதினேழு இல்லை.

"காணோமா?" என்றாள். அந்தக் குரலில் இருந்த இனிப்பை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

"காணாம எங்க போகும்? சாமான் அறையில இருக்கும்."

சாமான் அறையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். வீடு மாறுகிறவர்கள் எல்லாவற்றையும் எடுத்துப் போவதில்லை. ஒரு கால் உடைந்த நாற்காலியை விட்டுப் போவார்கள். ஓடாத மின்விசிறி, மூடி மட்டும் இருக்கிற பெட்டி, பெட்டி மட்டும் இருக்கிற மூடி இல்லாத ஹார்மோனியம். இதையெல்லாம் தெருவில் எறிய எனக்கு மனசு வராது. கொண்டுவந்து வாசல் பக்கத்து அறையில் வைப்பேன், அங்கே கொள்ளாததை மாடி அறையில். பன்னிரண்டு வருஷமாக வைக்கிறேன். சலூன் நாற்காலியே ஒன்று இருக்கிறது. நான் முடி வெட்டுகிறவன் இல்லைதான். ஆனால் யாருக்கு எப்போது என்ன தேவைப்படும் என்று யார் கண்டது?

இந்த அறையைத் தையலுக்குக் கேட்டு மூன்று வருஷமாக என் மனைவி என்னை அரித்தெடுக்கிறாள். மெஷினைப் படுக்கையறையில் கட்டில் ஓரமாகப் போட்டுத்தான் தைக்கிறாள். நான் ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான் சொல்வேன்: அது குப்பை இல்லை, கிடங்கு. எது வேண்டும் என்றாலும் இரண்டு நிமிஷத்தில் கை வைத்து எடுப்பேன்.

"அப்படியா?" என்றாள். குண்டூசிகளை எடுத்துப் புடவைத் தலைப்பில் குத்திக்கொண்டாள். பேச்சு தீவிரமாகிறது என்று அர்த்தம். "அந்த அறைக்குள்ளேருந்து பதினேழை எடுத்துக் காட்டுங்க. ஆயுசுக்கும் அந்த அறையைக் கேக்க மாட்டேன். எடுக்க முடியலைன்னா, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அறை எனக்கு. இருநூறு பள்ளிக்கூட யூனிஃபார்ம் ஆர்டர் வந்திருக்கு. திங்கட்கிழமை ரெண்டு பேர் மெஷினோட வராங்க."

"ரெண்டு பேரை இப்பவே வரச் சொல்லிட்டியா? தோத்துட்டு அவங்க முகத்துல எப்படி முழிப்ப?"

"அதை நான் பாத்துக்கறேன். சம்மதமா?"

"சம்மதம்!" என்றேன். இதையும் தெருவே கேட்டது.

அன்றைக்கு முழுக்க அறைப் பக்கமே போகவில்லை. பயம் இல்லை, முறை. முதலில் சின்னச் சந்தேகங்களைத் தீர்க்க வேண்டும் அல்லவா? டீசல் ஃபில்டரை மாற்றினேன். கை பம்பை அழுத்தி அழுத்தி, குழாயில் இருந்த காற்றை எல்லாம் வெளியேற்றினேன். டேங்க் மூடியைக்கூடத் துடைத்து வைத்தேன். ஸ்டார்ட் செய்தால் அதே குலுக்கல்.

எதிர்வீட்டு அண்ணன் வந்து எட்டிப் பார்த்தார். முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இப்போது கேட்காமலே யோசனை சொல்வதை முழுநேர வேலையாகப் பார்க்கிறார்.

"தம்பி, மூணாவது குழாய்கிட்ட ஈரமா இருக்கே. டீசல் கசியுது போல."

"அண்ணே, இருபத்திரண்டு வயசு எஞ்சின். கொஞ்சம் வேர்க்கத்தான் செய்யும்." துணியால் துடைத்துவிட்டேன். வந்தவர் போனவர் எல்லாம் எனக்குப் பாடம் எடுப்பதா?

"என்கிட்ட பதினேழு இருக்கு. எடுத்துட்டு வரட்டுமா?"

வாய் வரைக்கும் வந்துவிட்டது, "சரிண்ணே" என்று. அதற்குள் ஜன்னலிலிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள்.

"வாங்கிக்குங்க! நம்ம அறையில எங்கங்க இருக்கப் போகுது?"

"வேண்டாம்ணே!" என்று கத்தினேன். "என் வீட்டுல இல்லாத ஸ்பேனரா?"

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அறைக் கதவைத் தள்ளினேன். பாதிதான் திறந்தது. உள்ளே போய் நின்று தேட இடம் இல்லை. ஆகவே சலூன் நாற்காலியை வெளியே எடுத்தேன். அதற்குப் பின்னால் ஏழு மின்விசிறிகள். அவற்றையும் எடுத்தேன். ஸ்பேனர் சின்னப் பொருள், எதற்கு அடியிலும் இருக்கலாம். அடியில் பார்க்க வேண்டும் என்றால் மேலே இருப்பதை எடுத்துத்தானே ஆக வேண்டும்?

சும்மா சொல்லக் கூடாது, அவள் நன்றாக ஒத்தாசை செய்தாள்.

"அந்த மூலையில பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"பீரோவுக்குப் பின்னால?"

"பீரோவை எப்படி நகத்துறது?"

"நீங்கதானே ஊர் பீரோவையெல்லாம் தனியா நகத்துறீங்க!"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பீரோ வெளியே வந்தது. நான் எடுத்துக் கொடுக்கக் கொடுக்க, அவள் வாசலில் அடுக்கினாள். பின்னாலேயே கூட்டினாள். கூட்டிய இடத்தைத் துடைத்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தால் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருக்கிறாள்.

"இது எதுக்கு?"

"சுவர் வெள்ளையா இருந்தா இருட்டு மூலையெல்லாம் நல்லாத் தெரியுமேங்க. உங்களுக்குத் தேட வசதியா இருக்கட்டும்னுதான்."

எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்தேன். நினைத்ததை அவளிடம் சொல்லவும் செய்தேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு வயிற்றெரிச்சல்.

சாயங்காலம் நாலு மணிக்கு அறை காலி. நாலு சுவர், ஒரு ஜன்னல், நடுவில் நான். அப்படி ஒரு ஜன்னல் இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. வெயில் உள்ளே வந்து தரையில் விழுந்தது. மூன்று வருஷமாக அவள் கட்டில் ஓரத்தில் முதுகை வளைத்துக்கொண்டு தைத்தது ஞாபகம் வந்தது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் பந்தயம் என்று வந்துவிட்டால் வெட்கத்தை எங்கே காட்டிக்கொள்வது?

அவள் டீயோடு வந்தாள். டம்ளரை ஒரு கையில் கொடுத்தாள். இன்னொரு கையில் ஸ்பேனரைக் கொடுத்தாள். அழுத்தமாக எண் பொறித்திருந்தது: பதினேழு.

"எங்க இருந்துச்சு?"

"என் பட்டன் டப்பாவுல."

"பட்டன் டப்பாவுல ஸ்பேனருக்கு என்ன வேலை?"

"அதை அப்புறம் பேசலாம். முதல்ல வண்டியைப் பாருங்க. நாளைக்கு டாக்டர் வீடு இருக்குல்ல?"

அதுவும் நியாயம். வண்டியை ஸ்டார்ட் செய்தேன். முதல் நட்டைத் தளர்த்தினேன். எஞ்சின் தள்ளாடியது, நல்லவன். இறுக்கினேன். இரண்டாவதைத் தளர்த்தினேன். இவனும் நல்லவன். மூன்றாவது நட்டில் ஸ்பேனரை மாட்டியதும் அது தானாகவே சுற்றியது. ஏற்கெனவே தளர்ந்துதான் கிடந்தது! சுற்றிலும் டீசல் ஈரம். அரைச் சுற்று இறுக்கினேன். அவ்வளவுதான். குலுக்கல் நின்றது. புகை நின்றது. புது வண்டி மாதிரி எஞ்சின் ஒரே சீராக ஓடியது.

"பாத்தியா! கண்டுபிடிச்சுட்டேன்!" என்று தெருவுக்கே கேட்கும்படி கூவினேன். "எந்த மெக்கானிக்கும் வேண்டாம்னு சொன்னேனா இல்லையா?"

எதிர்வீட்டு அண்ணன் குனிந்து பார்த்தார். "தம்பி, இந்த நட்டு தானாத் தளராதே."

"தானாத் தளராம, பின்ன யாராவது வந்தா தளர்த்துவாங்க?"

"அரைச் சுத்துதான் தளர்த்துனேன்" என்றாள் என் மனைவி. "அதுக்கு மேல போனா டீசல் வீணாப் போயிடும்."

நான் எஞ்சினை அணைத்தேன். அண்ணன், அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லி நழுவினார். அவர் வீட்டில் அடுப்புப் பக்கம் அவர் போனதை நான் பார்த்ததே இல்லை.

"உனக்கு யாரு இதெல்லாம் சொல்லிக்கொடுத்தா?"

"நீங்கதான். கல்யாணமாகி இத்தனை வருஷமா, வண்டியில உக்காந்தாலே இதைத்தானே சொல்றீங்க. எந்த நட்டு, என்ன நம்பர், தளர்த்துனா என்ன ஆகும் எல்லாம்."

"இது அநியாயம்! பந்தயம் செல்லாது! ஸ்பேனர் அந்த அறைக்குள்ள இல்லவே இல்லையே!"

"அறைக்குள்ளேருந்து எடுத்துக் காட்டுங்கன்னு நான் சொன்னேன். அங்க இருக்குன்னு சொன்னது யாருங்க?"

யோசித்துப் பார்த்தேன். சொன்னது நான்தான். அதையும் சத்தமாகவே சொல்லியிருக்கிறேன். தெருவில் போய் சாட்சி கேட்டால் எல்லோரும் அவள் பக்கம்தான் நிற்பார்கள்.

அதற்குள் அவள் வண்டியின் பின்கதவைத் திறந்து விட்டிருந்தாள். "எஞ்சின் சரியாயிடுச்சுல்ல? இருட்டுறதுக்குள்ள இதையெல்லாம் ஏத்திடுங்க. பழைய சாமான் கடைக்காரர்கிட்டச் சொல்லி வச்சிருக்கேன், காத்துக்கிட்டு இருப்பார்."

ஊர் சாமானை எல்லாம் ஏற்றிய கையால் என் சாமானை ஏற்றினேன். சலூன் நாற்காலியைக் கடைசியாகத் தூக்கினேன். எவ்வளவு கோபம் இருந்தாலும், அதைக் கீறல் விழாமல்தான் வைத்தேன். பிறகு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அவள் எதிரே போய் நின்றேன். அறை போனால் போகட்டும், இனியாவது ஜாக்கிரதையாக இருக்க வேண்டாமா?

"அந்த ஸ்பேனரைக் கொடு. இனிமே அது வண்டியை விட்டு எங்கேயும் போகாது."

அவள் அதைத் தலைப்பில் துடைத்து, பட்டன் டப்பாவில் போட்டு மூடினாள்.

"இது என்கிட்டயே இருக்கட்டுங்க. மாடியில இன்னும் ஒரு அறை இருக்கு."