கள்ளப் பெருவிரல்

மக்கள் தாங்கள் யார் என்பதை அடிக்கடி மறந்துவிடுகிறார்களே என்று அரசாங்கத்துக்கு ஒருநாள் கவலை பிறந்தது. அந்தக் கவலை மேசைக்கு மேசை ஏறி இறங்கி, தேநீர் குடித்து, முத்திரை வாங்கி, ‘தன்னடையாளப் பத்திரப் பந்தோபஸ்துச் சட்டம்’ என்ற பெயரோடு வெளியே வந்தது. இனிமேல் பெயர், தகப்பன் பெயர், மச்சம் எதுவும் செல்லாது. வலது பெருவிரல் ரேகை தெளிவாக விழ வேண்டும். விழுந்தால் ஆள். விழாவிட்டால் வெறும் சதை.

சட்டம் சுங்காய் ஸ்டேஷனில் ரயிலிறங்கி எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு வந்து சேர்வதற்குள், தோட்டத்து உடையப்பன் அதற்கு இரையாகிவிட்டான். கால் புண்ணுக்குக் கட்டுப்போட ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போனவனை வழியில் சிலிபின் பக்கம் போலீஸ் மறித்தது. புதுப் பத்திரம் இல்லை. ஆகவே அவன் உடையப்பன் இல்லை. உடையப்பன் அல்லாதவன் உடையப்பனைப் போல நொண்டிய குற்றத்துக்காக அவனைக் கொட்டடியில் தள்ளினார்கள். மீட்க வேண்டுமானால் புதுப் பத்திரத்தோடு சொந்தக்காரர் வர வேண்டுமாம்.

அவன் பெண்சாதி இருளாயி மறுநாளே தோட்ட ஆபீசில் நின்றாள். ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி சூசைநாதன், அதாவது பேனாவைவிடக் கனமானதைத் தூக்கியறியாதவர், அவள் விரலில் மை தடவி அழுத்தினார். கருகிய தோசை மாதிரி ஒன்று விழுந்தது.

“ரேகை எங்கே?”

“பாலோட போச்சுங்க. தெனம் பால்ல கை வைக்கிறோம், காஞ்சத உரிக்கிறோம், உறைய வைக்கத் திராவகம் ஊத்துறோம். வெரல்ல வேற என்ன மிஞ்சும்?”

“அரசாங்கம் கேட்கிறது. கொண்டு வா.”

“எங்கேர்ந்துங்க? மரத்துக்கிட்ட திருப்பிக் கேக்கட்டுமா?”

பின்னால் வரிசையில் நின்ற அத்தனை பேரும் தோசைதான் சுட்டார்கள். விரலுக்கு ஓய்வு கொடுத்தால் ரேகை மறுபடி வளரும் என்று சட்டத்திலேயே ஒரு யோசனை இருந்தது. கிராணி அதைத் தோட்டத்துத் துரையிடம் பயபக்தியோடு வாசித்தார்.

துரை துள்ளிவிட்டார். “ஓய்வு? நல்லது! விரல் லயத்து வீட்டுல வெய்! ஆள் வேலைக்கி அனுப்பு!”

கிராணி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். ஆள்களை வேலை வாங்கும் கங்காணி சன்னாசிதான் அந்தக் கையையே உற்றுப் பார்த்தார்.

“கிராணி ஐயா, ஒங்க வெரலு வெண்ணெ மாதிரி இருக்கே. கோடு ஒண்ணுகூட அழியல. அதையே எல்லாருக்கும் குத்திவிட்டா என்ன? கேக்குறது ரேகை, குடுக்குறதும் ரேகை.”

கிராணி யோசித்தார். வேலை சீக்கிரம் முடியும். குத்தினார். சாயங்காலத்துக்குள் தோட்டம் முழுவதும் ஆளாகிவிட்டது.

இருளாயி பத்திரத்தை மடியில் கட்டிக்கொண்டு ஈப்போவுக்கு ரயிலேறினாள். அங்கே ரேகை நிபுணரான வெள்ளைக்காரத் துரை பூதக்கண்ணாடியில் பார்த்து மெய்மறந்தார். மொழிபெயர்ப்பாளர் கார்த்திகேசு சொன்னார்: “இப்பிடி வடிவான ரேகையைத் துரை தன்ர வாழ்நாளிலேயே காணேல்லையாம். இப்ப உன்ர விரலை வை, பாப்பம்.”

வைத்தாள். தோசை.

துரை நெடுநேரம் இங்கிலீஷில் பேசினார். கார்த்திகேசு தொண்டையைச் செருமினார்.

“கள்ளப் பத்திரம் செய்ய ஏலாது எண்டுதான் சட்டத்தைப் பலப்படுத்தினது. ஆனபடியால் பத்திரம் கள்ளமாய் இருக்க முடியாது. உன்ர விரல்தான் கள்ளம்.”

“ஐயா, இது ஆத்தா வயித்துலேர்ந்தே கூட வந்த வெரலுங்க!”

“அதுக்கு அத்தாட்சி இருக்கோ?”

அத்தாட்சி சொல்லக் கிராணியை வரவழைத்தார்கள். கோட்டு, தொப்பியோடு வந்தவர் விரலையும் மையில் தோய்த்தார்கள். துரை அதைத் தோட்டத்திலிருந்து வந்திருந்த பத்திர நகல்கள் எல்லாவற்றோடும் ஒத்துப் பார்த்தார், எழுந்து கைகுலுக்கினார்.

“வாழ்த்துகள்,” என்றார் கார்த்திகேசு. “நீர்தான் இருளாயி.”

“என்ன? நான் சூசைநாதன்! கிராணி!”

“ஓம், அவரும் நீர்தான். கங்காணியும் நீர்தான். புருஷன் உள்ளே இருக்கிறார், கையெழுத்துப் போட்டுக் கூட்டிக்கொண்டு போம்.”

உடையப்பன் நொண்டிக்கொண்டு வந்து, மீசை வைத்த தன் பெண்சாதியைப் பார்த்துத் திகைத்து நின்றான்.

“அப்ப நான் யாருங்க?” என்றாள் இருளாயி.

கார்த்திகேசு துரையைக் கேட்டுச் சொன்னார். “ஆள் இல்லையாம். ஆளில்லாதது சாமான். உரிமைக்காரி இவர்தான், கொண்டு போகலாம்.”

அவர்கள் திரும்பி வந்ததும் தோட்டமே விழுந்து விழுந்து சிரித்தது. “இருளாயி அக்கா, புருசனுக்குச் சோறு ஆக்கியாச்சா?” என்று கிராணியைக் கேட்காத வாயில்லை. சன்னாசி கங்காணி சிரித்த சிரிப்பில் வெற்றிலை புரையேறியது. கிராணி குடைக்குள் ஒளிந்துகொண்டார்.

அந்த வாரக் கடைசியில் உத்தரவு வந்தது. இந்தத் தோட்டத்துப் பத்திரங்கள் எல்லாம் ஒரே விரலுக்குச் சொந்தம். ஆகவே அந்த விரலிடமே ஒப்படைக்கப்பட வேண்டியது. தோட்டத்தில் வசிப்பது ஒரே ஆள். ஆகவே அந்த ஒருவரைத் தவிர வேறு யாரும் கேட்டைத் தாண்டக் கூடாது. உடையப்பனுக்கு மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள் வந்தபோது கிராணிதான் போனார். நல்ல காலில் கட்டுப்போட்டுக்கொண்டு, நொண்டிக்கொண்டே திரும்பினார். இங்கே உடையப்பனின் கால் வீங்கிக்கொண்டே போனது. லயத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

மறுநாள் விடியுமுன் ஆளெண்ணும் பெரட்டுக்குத் தப்பு அடித்தார்கள். பத்திரப்படி இல்லாதவர்கள் எல்லோரும் வாளியும் கத்தியுமாக வந்து வரிசையில் நின்றார்கள். நொண்டிக்கொண்டு உடையப்பனும் நின்றான். தோட்டத்துத் துரை குதிரைமேல் இருந்தபடியே பார்த்துவிட்டு, எல்லா ஆளும் சரி என்று தலையாட்டினார்.

அங்கே மட்டும் யாரும் ரேகை கேட்கவில்லை.