இல்லை என்று சொல்லாத கட்டைகள்

கப்பலேறி வந்த சீனர்கள் சிலர் வெண்கரை ராஜ்ஜியத்தில் ஒரு கோயில் கட்டினார்கள். சொந்த ஊர்க் கோயிலிலிருந்து அவர்கள் கொண்டுவந்தது ஒரு சட்டி ஊதுபத்திச் சாம்பலும் இரண்டு பிறைக் கட்டைகளும்தான். கட்டைக்கு ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் மேடு. சாமியிடம் கேள்வி கேட்டு வீசவேண்டும். ஒன்று தட்டையும் ஒன்று மேடுமாக விழுந்தால் 'ஆம்'. இரண்டும் மேடென்றால் 'இல்லை'. இரண்டும் தட்டையென்றால் சாமி சிரிக்கிறது, கேள்வியை மாற்றிக் கேள் என்று அர்த்தம். கரையிறங்கிய அன்று, "இந்த மண்ணை எடுத்துக்கலாமா?" என்று கேட்டார்களாம். சாமி சிரித்ததாம். "இங்கே பொழைச்சுக்கலாமா?" என்றதும் ஆம் என்றதாம்.

இப்போது கோயிலைப் பார்த்துக்கொள்பவள் சியூ லான். எதையும் ஏன், எப்படி என்று குடையாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

ஜனங்கள் தன்னைவிடக் கட்டையை நம்புவது மன்னர் காதுக்கு எட்டியது. மன்னரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல் ரத்து, இனிக் கட்டையே தீர்ப்பு, அதற்கு அப்பீல் கிடையாது என்று ஆணை போட்டார். "மன்னர் தொடரலாமா?" என்று மந்திரி அறவாழியார் கேட்டு வீசினார். இரண்டும் மேடு. மறுபடி வீசினார். சாமி சிரித்தது.

"தெய்வத்தின் கருத்தில் குறையில்லை. கருவியில்தான் பழுது" என்றார் மந்திரி. அரண்மனைத் தச்சர்கள் புதுக்கட்டை செய்தார்கள். அதை மந்திரி தவிர யாரும் தொடக்கூடாது.

அன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் ஆம். பொதுக்கிணற்றைப் பூட்டலாமா? ஆம். மன்னர் பிறந்த மாதத்தில் மீன்பிடிக்கத் தடை போடலாமா? ஆம். அடுப்பு எரியாத வீடுகள் பெருகின. சாமியே சொன்னபின் யாரிடம் போய் முட்டிக்கொள்வது என்று ஜனங்கள் வாயை மூடிக்கொண்டார்கள். சியூ லானுக்கு மட்டும் மண்டை குடைந்தது. ஒருதரம்கூடவா சாமிக்குச் சிரிப்பு வரவில்லை?

கடைசியில் மன்னருக்கு ஒரு குளியல் மாளிகை தேவைப்பட்டது. மன்னரின் பல்லக்கு பின்னால் வர, கடப்பாரை ஆட்களோடு வந்து, "இந்தக் கோயிலை இடிக்கலாமா?" என்று மந்திரி வீசினார். ஆம். சியூ லான் சட்டென்று குனிந்து கட்டைகளை எடுத்துத் தடவிப் பார்த்தாள். ஒன்றுக்கு இரண்டு பக்கமும் தட்டை, மற்றதற்கு இரண்டு பக்கமும் மேடு.

"கேள்வியை மாத்திக் கேக்கிறது எங்க வழக்கம்ங்க ஐயா" என்றாள் அவள். "சாமி, கோயில் இங்கயே இருக்கட்டுமா?" என்று கேட்டு வீசினாள்.

ஆம்.

மந்திரி கட்டைகளைப் பிடுங்கினார். கூட்டத்திலிருந்து ஒரு மீனவர், "ராஜா ஊரைவிட்டுப் போகட்டுமா?" என்று கேட்டார். மந்திரியின் கையிலிருந்து கட்டைகள் நழுவிக் கீழே விழுந்தன. ஆம்.

பல்லக்கில் இருந்த மன்னரே இறங்கி வந்தார். "நாம் இருக்கலாமா?" என்று வீசினார். அதற்கும் ஆம்.

யாரோ களுக்கென்றார்கள். பிறகு கூட்டமே சிரித்தது. கடப்பாரை ஆட்கள் கடப்பாரையைப் போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். "சாமி சிரிச்சிருச்சு, ராஜா" என்றாள் சியூ லான். "கேள்வியை மாத்துங்க."

மன்னர் பல்லக்கில் ஏறினார். சிரிப்பைத் தடை செய்யும் ஆணை மறுநாளே வந்தது. தண்டோராக்காரரால் அதைப் பாதிக்குமேல் வாசிக்க முடியவில்லை.