பத்து மஞ்சள் ஜாக்கெட்டுகள்

புதன்கிழமை மதியம் இரண்டு மணிக்கு லூபெக் நகரத்துக் கோட்டை வாசல் முன்னால் இருந்தவர்கள்:

முதியோர் இல்லத்திலிருந்து பஸ்ஸில் வந்த பத்துப் பேர். ரோடு போடுகிறவர்கள் மாதிரி எல்லோர் மேலும் பளீரென்ற மஞ்சள் ஜாக்கெட். பத்தில் இருவரைத் தெரிந்துகொண்டால் போதும். ஒருவர் ப்ரூனிங். பட்டியலில் அவர் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ‘ஓடிவிடுவார்’ என்று எழுதியிருந்தது. இன்னொருவர் ஆஸ்முசன் அம்மாள். யாருடைய ஷூ லேஸ் அவிழ்ந்தாலும் குனிந்து கட்டிவிடுகிறவர்.

ஸ்வென்யா. இருபத்து நான்கு வயது. ஆள் அனுப்பும் ஏஜென்சி மூலமாக அன்று காலைதான் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தவள். கையில் அந்தப் பட்டியல்.

காதில் பாட்டு மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குள்ளேயே உட்கார்ந்திருந்த டிரைவர்.

கடைசியாக, கைடு வூல்ஃப். வயது அறுபத்தேழு. ஒரு கையில் உயர்த்திப் பிடித்த சிவப்புக் குடை. கோட்டில் நகராட்சி கொடுத்த பித்தளை வில்லை.

அந்த வில்லைதான் வூல்ஃபின் பிரச்சினை. போன மாதம் ஸ்டுட்கார்ட்டிலிருந்து வந்த ஒரு பல் டாக்டரை டூரின் நடுவில் தொலைத்துவிட்டார். டாக்டர் யாரோ ஒருவரின் தோட்டத்து ஊஞ்சலில் தூங்கிக்கொண்டிருந்தார். மறுநாளே வூல்ஃபுக்குக் கடிதம் வந்தது. இன்னொரு ஆள் தொலைந்தால் வில்லையைத் திருப்பித் தர வேண்டும். பத்தொன்பது வருடம் மாட்டிய வில்லை. அது இல்லாவிட்டால் வூல்ஃபுக்குக் காலையில் எழுந்திருக்கக் காரணமே கிடையாது. அவரைத் தேட வீட்டில் ஒரு பூனைகூட இல்லை.

“உள்ள போறப்ப பத்து, வெளிய வர்றப்ப பத்து. எனக்கு மூஞ்சி எல்லாம் தெரியாதுங்க. ஜாக்கெட்டைத்தான் எண்ணுவேன்” என்றாள் ஸ்வென்யா.

“புதுசாம்மா?”

“வாரத்துக்கு ஒருத்தர் புதுசு. இந்த வேலைல யாரும் நிக்கிறதில்ல. நர்ஸ் ஒருத்தங்க சொல்லாம கொள்ளாம போயிட்டாங்களாம். பழைய டிரைவரும் அப்படித்தானாம். போன் பண்ணா எடுக்கிறதே இல்லயாம்.”

வூல்ஃபின் முழங்கையை யாரோ பிடித்து இழுத்தார்கள். ப்ரூனிங்.

“ஐயா, நான் பஸ் டிரைவர்.”

“அப்படியா கேப்டன்!”

“அந்தப் பையன் வண்டியை நிறுத்தியிருக்கிற லட்சணத்தைப் பாருங்க. பின் சக்கரம் சைக்கிள் பாதை மேல நிக்குது. நான் போய் எடுக்கணும். விடுங்க.”

“அதுக்கென்ன கேப்டன், சாயங்காலம் பார்த்துக்கலாம்” என்று அவர் தோளைத் தட்டினார் வூல்ஃப். இத்தனை வருடத்தில் நெப்போலியன் என்று சொல்லிக்கொண்ட ஒருவரையும், ஸ்வீடன் ராணி ஒருவரையும் அவர் டூர் கூட்டிப்போயிருக்கிறார். தோளைத் தட்டினால் போதும்.

“அவர் பொய் சொல்றவர் இல்ல” என்றார் ஆஸ்முசன் அம்மாள், வேறொருவருக்குப் பட்டன் போட்டுவிட்டபடியே.

“இவங்க என்னைவிட நல்லா வேலை பார்க்கிறாங்கப்பா” என்று சிரித்தாள் ஸ்வென்யா.

கோட்டை வாசல் ஏன் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது என்று வூல்ஃப் சொன்னார். பத்து. ஆற்றோரம் உப்புக் கிடங்குகளைக் காட்டினார். பத்து. பெரிய தேவாலயத்தில், போரில் குண்டு விழுந்த இரவு கோபுரத்திலிருந்து விழுந்து நொறுங்கிய மணிகள் இன்னும் தரையில் அப்படியே கிடக்கின்றன. அவற்றைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோதும் பத்து. ஒவ்வொரு முறை ஸ்வென்யா எண்ணி முடிக்கும்வரை வூல்ஃப் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது சந்துக்கு வந்தார்கள்.

லூபெக்கில் தெருவோரத்து வீடுகளைக் குடைந்து சந்துகள் போகும். ஒரு சவப்பெட்டி நுழையும் அகலம் இருந்தால் போதும் என்று அந்தக் காலத்தில் கட்டியது. சந்தின் வாயைத் தாண்டினால் உள்ளே குட்டி வீடுகள், ரோஜாச் செடிகள், சார்த்திவைத்த சைக்கிள்கள். வாய் மட்டும் அவ்வளவு தாழ்வு. இடுப்பை மடக்காமல் யாரும் உள்ளே போக முடியாது.

“நான் வெளிய நின்னு ஒரு சிகரெட் பிடிக்கிறேன். பத்து உள்ள போகுது. ஞாபகம் இருக்கட்டும்” என்றாள் ஸ்வென்யா.

பத்து உள்ளே போனது. வூல்ஃப் ரோஜாவைப் பற்றி இரண்டு வாக்கியம் பேசினார். திரும்பி எண்ணினார்.

ஒன்பது.

திரும்ப எண்ணினார். ஒன்பதுதான். ஒரு சைக்கிளின் கைப்பிடியில், நான்காக மடித்து, இஸ்திரி போட்ட மாதிரி, ஒரு மஞ்சள் ஜாக்கெட் தொங்கியது.

“ப்ரூனிங்!” என்று கத்தினார் வூல்ஃப்.

தலைக்கு மேலே ஜன்னல் படாரென்று திறந்தது. தலையில் முடி சுருட்டும் உருளைகள் மாட்டிய ஒரு பெண்மணி.

“பலகையைப் படிக்கத் தெரியாதா? ஒண்ணுலேர்ந்து மூணு வரைக்கும் அமைதி நேரம்!”

“அம்மா, ஒரு ஆள் தொலைஞ்சு போச்சு...”

“மணி ரெண்டு அம்பத்தி ரெண்டு. எட்டு நிமிஷம் கழிச்சு தொலைங்க!”

ஜன்னல் மூடியது. வூல்ஃப் குரலைத் தணித்துக்கொண்டார். “ப்ரூனிங்... ப்ரூனிங்...” என்று குசுகுசுவென்று கூப்பிட்டபடி ஒவ்வொரு பூத்தொட்டிக்குப் பின்னாலும் பார்த்தார். ஓடிப்போன ஒரு மனிதனைக் குசுகுசுவென்று கூப்பிட்டால் எந்த ஊரில் வருவான்? சந்தின் மறுகோடியில் ஒரு சின்னக் கதவு பாதி திறந்து ஆடிக்கொண்டிருந்தது. அதற்கு அப்பால் பெரிய தெரு.

“என்ன அங்க சத்தம்?” ஸ்வென்யாவின் குரல் சந்தின் வாய் வழியாக வந்தது. “பத்தும் இருக்கா?”

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். வில்லையும் போயிருக்கும்.

“பத்தும் இருக்கு!” என்றார் வூல்ஃப்.

சொல்லியாகிவிட்டது. இனி பத்து வெளியே வந்தாக வேண்டும்.

அவர் மஞ்சள் ஜாக்கெட்டைப் பார்த்தார். ஜாக்கெட்டைத்தான் எண்ணுவேன் என்று அந்தப் பெண்ணே சொல்லியிருக்கிறாள். சந்தின் வாயில் எல்லோரும் குனிந்துதான் வர வேண்டும். அவள் கண்ணுக்குத் தெரியப்போவது பத்து மஞ்சள் முதுகுகள். எண்ணி முடித்ததும் கூட்டத்தோடு கூட்டமாக நழுவிவிடலாம். ப்ரூனிங்கைப் பிடித்து பஸ் கிளம்பும் முன் சேர்த்துவிடலாம். நான்கு மணிக்குத்தான் பஸ். ஒரு மணி நேரம் தாராளம்.

தன் கோட்டைக் கழற்றினார். வில்லையும், போனும், வீட்டுச் சாவியும் அதோடு போயின. கோட்டையும் சிவப்புக் குடையையும் ஒரு பெரிய பூத்தொட்டிக்குப் பின்னால் ஒளித்தார். ஜாக்கெட்டை மாட்டினார். அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

ஆஸ்முசன் அம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வேண்டாம்” என்றார்.

“என்ன வேண்டாம்?”

“அதை மாட்டாதீங்க. சொல்றதைக் கேளுங்க.”

“நீங்க வரிசையில நில்லுங்கம்மா” என்றார் வூல்ஃப்.

குனிந்து குனிந்து வெளியே வந்தார்கள். ஸ்வென்யா ஒவ்வொரு முதுகையும் விரலால் தொட்டு எண்ணினாள். “எட்டு, ஒம்பது, பத்து. அப்பாடா. கைடு எங்க?”

வூல்ஃப் தரையைப் பார்த்துக்கொண்டு, தொண்டையைக் கரகரப்பாக்கி, “போயிட்டார். வேற குரூப்பாம்” என்றார்.

“பாதி டூர்ல விட்டுட்டா? காசு வாங்கலை? இதுக்கு எழுத்துல புகார் குடுக்காம விடமாட்டேன். பேரு வூல்ஃப்தானே?” அங்கேயே சுவரில் பட்டியலை வைத்துக் குறித்துக்கொண்டாள்.

வூல்ஃப் கணக்குப் போட்டார். ஆளைத் தொலைத்தால் வில்லை போகும். ஆளைத் தொலைக்காமல் தானே தொலைந்தாலும் வில்லை போகும். இப்போது உடனே நழுவி, குடையோடு திரும்பி வந்து, மன்னிப்புக் கேட்டால்தான் உண்டு. ஓரடி பின்னால் வைத்தார்.

ஸ்வென்யா பட்டியலைப் பார்த்தாள். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டாள். ஒன்பது பேர் கை தூக்கினார்கள். மிச்சம் ஒருவர்.

“ஓ, நீங்கதான் ப்ரூனிங்கா. சிவப்பு மை!” அவர் கையைத் தன் கையோடு கோத்துக்கொண்டாள். இருபத்து நான்கு வயதுப் பிடி. “இனிமே நாம ரெண்டு பேரும் ஜோடி.”

நான்கு மணிவரை விடவில்லை. மார்சிப்பான் கடையில் பாதாம் மிட்டாயை அவளே அவர் வாயில் ஊட்டினாள். கழிப்பறைக்கு என்று கேட்டுப் பார்த்தார். கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, “பாட்டுப் பாடுங்க தாத்தா, அப்பத்தான் உள்ள இருக்கீங்கன்னு தெரியும்” என்றாள். பாடினார்.

பஸ் படிக்கட்டில் கால் வைத்ததும் வூல்ஃப் நின்றுவிட்டார். போதும். வில்லை போனால் போகிறது.

“ஏம்மா, நிறுத்து. நான் ப்ரூனிங் இல்ல. நான்தான் கைடு.”

ஸ்வென்யா அவர் தோளைத் தட்டினாள். “அதுக்கென்ன கேப்டன், சாயங்காலம் பார்த்துக்கலாம்.”

“இது நான் சொன்ன வார்த்தை!”

“ஆமா, அந்த கைடு உங்ககிட்ட அழகா பேசினாரு. ஆளுதான் சரியில்ல.”

“சரி, கேளு. கோட்டை வாசல் ஆயிரத்து நானூத்தி எழுபத்தெட்டுல கட்டி முடிச்சது. சுவர் மூணரை மீட்டர் கனம். சாய்ஞ்சதுக்குக் காரணம் சதுப்பு நிலம்...”

“எவ்வளவு கவனமா கேட்டிருக்கார் பாருங்க!” என்று எல்லோரிடமும் சொன்னாள் ஸ்வென்யா. மற்றவர்கள் கைதட்டினார்கள். ஆஸ்முசன் அம்மாள் மட்டும் கைதட்டவில்லை.

பஸ் பாலத்தில் திரும்பியபோது ஜன்னலுக்கு வெளியே ஒரு சிவப்புக் குடை உயர்ந்து வந்தது. குடைக்குக் கீழே ப்ரூனிங். வூல்ஃபின் கோட், வூல்ஃபின் வில்லை. பின்னால் இருபது ஜப்பானியர்கள், கழுத்தில் கேமராவோடு, அவர் கை காட்டிய பக்கமெல்லாம் தலையைத் திருப்பிக்கொண்டு போனார்கள். அவர் காட்டியது உப்புக் கிடங்கை அல்ல. சைக்கிள் பாதை மேல் ஏறி நின்ற ஒரு காரை.

“அதோ! அவன்தான் ப்ரூனிங்! நிறுத்து!” வூல்ஃப் கண்ணாடியைக் குத்தினார்.

ஸ்வென்யா எட்டிப் பார்த்தாள். “அது கைடு, தாத்தா. குடை வெச்சிருக்காரே, தெரியலையா? ஐயோ, வேற குரூப்புன்னு சொன்னது நிஜந்தான்!” என்று பல்லைக் கடித்தாள்.

இல்லம் ஊருக்கு வெளியே, மரங்களுக்கு நடுவே இருந்தது. ஐந்து மணிக்கு வாசலைப் பூட்டிவிடுவார்கள். ஐந்தரைக்கு ரொட்டியும் சீஸும். வாசலில் சாவிக்கொத்தோடு ஒரு காவலாளி நின்றுகொண்டிருந்தார்.

“எத்தனை?”

“பத்து” என்றாள் ஸ்வென்யா.

“போனது?”

“பத்து.”

“அப்பச் சரி.” காவலாளி கையெழுத்துப் போட்டார். ஒரு முகத்தையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

“ஐயா, ஒரு நிமிஷம்” என்று வூல்ஃப் அவர் சட்டையைப் பிடித்தார். “இதுல ஒரு தப்பு நடந்திருக்கு. நகராட்சிக்கு ஒரு போன் போடுங்க. வூல்ஃப்னு கேளுங்க.”

காவலாளி பட்டியலைப் பார்த்தார். “ப்ரூனிங், பன்னிரண்டாம் ரூம். வூல்ஃப்னு இங்க யாரும் இல்ல.”

“நான்தான் வூல்ஃப்!”

“இருந்தா பதினொண்ணு ஆயிடுமே ஐயா. பத்துப் பேருக்குத்தான் ரொட்டி வெச்சிருக்காங்க.”

வூல்ஃப் அவர் சட்டையை விட்டார். பத்தொன்பது வருடம் ஆட்களை எண்ணிப் பிழைத்த மனிதர். கணக்கு சரியாக இருந்தால் எல்லாம் சரி என்று நம்பியவர்களில் அவரும் ஒருவர்.

ஸ்வென்யா விடைபெற்றாள். அடுத்த வாரம் ஏஜென்சி அவளை வேறெங்கோ அனுப்புகிறதாம். பத்துப் பேரும் உள்ளே போனார்கள். கனமான கதவு அவர்கள் முதுகுக்குப் பின்னால் சாத்திக்கொண்டது. வூல்ஃப் திரும்பி ஓடிவந்து கைப்பிடியை இழுத்துப் பார்த்தார். சாவி ஒரு சுற்றுச் சுற்றியது.

ஆஸ்முசன் அம்மாள் பக்கத்தில் வந்து நின்று, அவருடைய ஜாக்கெட்டின் பட்டனைப் போட்டுவிட்டார்.

“கத்தாதீங்க, கத்துனா தூக்க மாத்திரை குடுப்பாங்க. ப்ரூனிங் ஜாக்கெட்ல போன வாரம் மாட்டினவர் நிஜமாவே டிரைவர்தான், அதுக்கு முந்தின வாரம் ஆஸ்முசன் ஜாக்கெட்ல மாட்டின நர்ஸ் நான். இன்னிக்கு அவர் வரிசையில முந்திட்டார், அடுத்த புதன்கிழமை ஜாக்கெட்டைக் கழட்டிட்டு ஓட என் முறை, நீங்க எனக்கப்புறம்.”

சாவி இரண்டாவது சுற்றும் சுற்றியது.